மலைத் தண்ணீருக்குப் படிகாரம் போதாது

நாலாம் வகுப்பில் பாதிவரை படித்தேன். மீதிப் பாதிக்கு முன் மழையில் பள்ளிக்கூடக் கூரை விழுந்தது. திரும்பக் கூரை போட்டபோது நான் ஊரில் இல்லை. அதன் பிறகு எந்த வேலைக்குப் போய் நின்றாலும், தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்று சொல்லிவிடுவேன். தெரியாது என்று சொன்னவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த முதலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

போடிமெட்டு ஏறி அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்ததும் அப்படித்தான். போடியிலிருந்து அரிசி சுமந்து வந்த கழுதைகளோடு நடந்தேன். கழுதைகளுக்கு வழியில் கொள்ளு கிடைத்தது. மாசி மாதம். ஆபீஸ் வாசலில் ரைட்டர் என்னைத் துரைக்கு முன்னால் நிறுத்தினார். தோட்டத்தில் கடிதப் போக்குவரத்தெல்லாம் பார்க்கிற தலைமைக் குமாஸ்தாவுக்கு அங்கே ரைட்டர் என்றுதான் பெயர். துரை இரண்டே கேள்வி கேட்டார். இங்கிலீஷ் எழுத்து வாசிப்பாயா? படிகாரத்தோடு வேலை செய்து பழக்கமுண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

இரண்டாவது பதில் பொய்யில்லை. கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் கோவிந்தாபுரத்தில், மாடு ஓட்டிப் போகிறவர்கள் தங்கும் சாவடியில் இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அங்கே குளத்துத் தண்ணீர் செம்மண் குழம்பாக இருக்கும். அண்டாவில் நிரப்பி, படிகாரக் கட்டியைக் கையில் பிடித்து நாலு சுற்றுச் சுற்றி எடுத்தால், வாயில் போட்ட வெற்றிலையைத் துப்புவதற்குள் மண் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே தெளிவு. இந்த வித்தை எல்லா ஊரிலும் செல்லும் என்று நினைத்திருந்தேன்.

தோட்டத்தில் எனக்குக் கொடுத்தது குடிக்கிற தண்ணீர் இல்லை.

பங்களாவிலும், விருந்தாளிகளின் கிளப்பிலும், ஆஸ்பத்திரியிலும் புதிதாகப் பீங்கான் கக்கூஸ் வைத்திருந்தார்கள். சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். கொட்டிய தண்ணீர் எங்கே போகும் என்பது சங்கிலியை இழுக்கிறவர்களின் கவலை இல்லை. மலையில் கொழுந்து எடுக்கிற ஆயிரக்கணக்கான பேர் புதருக்குப் போய்வந்தார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கொஞ்சம் பேருடைய நாகரிகத்துக்காகச் சரிவில் இரண்டு காரைத் தொட்டிகள் கட்டவேண்டி வந்தது. முதல் தொட்டியில் எல்லாம் வந்து விழும். அடியில் தங்கும் கசடை இரண்டாம் தொட்டிக்குத் தள்ளி, படிகாரம் கலந்து திரளவைத்து, பக்கத்தில் இருந்த மணல் பாத்திகளில் பரப்பவேண்டும். தண்ணீர் மணலில் இறங்கிப்போக, கசடு காய்ந்து வறட்டி மாதிரி வெடிக்கும். அதை வெட்டி எடுத்துத் துரையின் ரோஜாச் செடிகளுக்குப் போடலாம். இதெல்லாம் துரை சீமையிலிருந்து வரவழைத்த புத்தகத்தில் படத்தோடு இருந்தது. படத்தில் நாற்றம் இல்லை.

தொட்டியில் இறங்கி வேலை செய்ய ஒரு குடும்பம் இருந்தது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கங்காணி இந்த வேலைக்கென்றே கூட்டிவந்த புருஷன், பெண்சாதி, ஒரு கைக்குழந்தை. இந்த வேலை அவர்கள் சாதிக்கு எழுதி வைத்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்ட ஞாபகம் யாருக்கும் இல்லை. தொட்டிகளுக்கு நேர் கீழே, பத்தடி தள்ளி, அவர்களுக்கு ஒரு மண்குடிசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்கும் கீழே நாணற்சதுப்பு. வேறு வீடில்லை.

முதல் நாள் அந்த அம்மாளிடம், "ஏனுங்க, மம்பட்டி எங்க வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டேன். அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மாட்டைக்கூட மரியாதை குறையாமல்தான் ஓட்டுவோம், அது வெறும் வாய்ப்பழக்கம் என்று நான் விளக்கிய பிறகு அவர் சொன்னார்: "சரி மேஸ்திரி. ஆனா லயத்தாளுக முன்னால இப்படிப் பேசிராதீக. ஒங்களுக்கும் கஞ்சி ஊத்த மாட்டாக."

அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. லயம் என்பது கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் தகரக்கூரை அறைகள். அதில் எனக்கும் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். தொட்டி வேலைக்கு வந்தவன் என்று தெரிந்ததும் டீக்கடையில் என் குவளை தனியாக ஓர் ஆணிக்குப் போனது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. தனிக் குவளை எப்போதும் காலியாகவே இருக்கும், காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வைகாசி நடுவில் இறங்கும் இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் லயத்தில் ஓர் அறை. போன வருஷம் பாத்திகளில் கசடு காயவே இல்லை. பாத்தி காலியாகாததால் தொட்டியைக் காலிசெய்ய முடியவில்லை. மழை வந்ததும் தொட்டி நிரம்பி வழிந்து, பத்தடி கீழே இருந்த குடிசைக்குள் புகுந்தது. முழங்கால் மட்டம். பிள்ளையின் தூளியைக் கூரை வாரியில் உயர்த்திக் கட்டிவிட்டு, இரண்டு பேரும் பகல் முழுக்க அதில் நின்றிருக்கிறார்கள். பிறகு போய் ரைட்டரிடம் சொன்னார்கள். அவர் இரண்டு நாள் கழித்து, குடையோடு, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றார். ஆனால் தொட்டி ஒழுங்காக வேலை செய்து, கசடு காய்ந்து, துரை சந்தோஷப்பட்டால் அறைக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். கல்பாத்தி அக்கிரகாரத்துத் தேர்வீதியில் பிறந்தவர்; மூன்று வேளை குளிக்கிறவர். தொட்டியை அவர் தொட்டி என்று சொல்லமாட்டார், 'அந்த விஷயம்' என்பார்.

ஆகவே 'அந்த விஷயம்' உலர்வது என் கையில் இருந்தது. நான் படிகாரக் கட்டியை எடுத்தேன்.

கோவிந்தாபுரத்து வித்தை பலிக்கவில்லை. படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, துரை புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன அளவு ஊற்றி, மூங்கிலால் கலக்கினோம். கசடு கலங்கியபடியே நின்றது. பாத்தியில் விட்டால் வழவழவென்று மணலின் கண்ணை அடைத்துக்கொண்டு, பத்து நாளானாலும் கூழாகவே கிடந்தது. அளவை இரட்டித்தேன். பிறகு இன்னும் ஒரு மடங்கு. கையை நனைத்து நாக்கில் வைக்க யாருக்கும் தைரியமில்லை. வைத்திருந்தால் நாக்குச் சுருங்கியிருக்கும். தொட்டியின் உட்பூச்சு சொரசொரவென்று அரிபட ஆரம்பித்தது. தண்ணீர் தனக்கு வேண்டியதைச் சுவரைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் இன்னும் படிகாரம் கேட்டுச் சீட்டு எழுதினேன்.

தொட்டிக்காரருக்கு, அதாவது அந்தப் புருஷனுக்கு, காரணம் தெரிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருநாள் வந்து, இடுப்பில் கை வைத்து, தொட்டியை வெகுநேரம் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தார். "கண்ணு பட்டுருச்சு மேஸ்திரி," என்றார். இதில் எனக்கும் பாதி நம்பிக்கை உண்டு. திருஷ்டிக்கும் படிகாரம்தான் மருந்து. எங்கள் ஊரிலும் படிகாரத்தைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். அது உருகி, பொங்கி, ஓர் உருவமாக இறுகும். யார் முகச் சாயலில் இருக்கிறதோ அவர் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். தொட்டியை மூன்று தரம் சுற்றிவந்து, உள்ளங்கை அளவுக் கட்டியைத் தணலில் போட்டோம். பொங்கியது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"தொப்பி," என்றார் அவர்.

"எந்தத் துரை தொப்பி? அதைச் சொல்லும்," என்றாள் அவர் மனைவி. "நம்ம துரையும் தொப்பிதான் போட்டுருக்காரு."

அதைத் தீர்மானிக்க இன்னொரு கட்டி தேவைப்பட்டது. அதுவும் தொப்பியாகவே பொங்கியது. சீமைப் புத்தகத்தில் சொல்லாத வழியில் படிகாரம் செலவானது இப்படித்தான். கசடில் போட்டதைவிட அதற்கு அதிகப் பலன் இருந்தது என்றும் சொல்லவேண்டும். நெருப்பில் போட்டதாவது திரண்டது.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. மழைக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

தீர்வு ஒரு வாளியிலிருந்து வந்தது. ஈ மொய்க்காமல் இருக்கக் குடிசையைச் சுற்றித் தெளிக்க அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு கொடுத்திருந்தார்கள். ஒருநாள் தெளித்த பிறகு வாளியை இரண்டாம் தொட்டியின் மூலையில் கழுவி ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அந்த மூலை மட்டும் திரிந்த பால் மாதிரி ஆனது. பஞ்சுத் திரள்கள், நடுவில் தெளிந்த தண்ணீர். அவள்தான் முதலில் பார்த்தாள். "மேஸ்திரி, ஒங்க மருந்துக்கு இப்பத்தான் முழிப்பு வந்துருக்கு," என்றாள்.

எனக்கு அப்போதுதான் கோவிந்தாபுரத்து அண்டா நினைவு வந்தது. அந்த அண்டாவின் அடியில் தடித்த வெள்ளைக் காறை படிந்திருக்கும். சுரண்டவே ஒரு பிற்பகல் போகும். அந்தத் தண்ணீரிலேயே சுண்ணாம்பு இருந்திருக்கிறது. மலைத் தண்ணீர் வெறும் தண்ணீர். மழை பெய்தது பெய்தபடி ஓடிவருவது. இங்கே சோப்புப் போட்டால் நுரை கையை விட்டுப் போகாது. படிகாரத்துக்குப் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் அண்டாவைச் சுரண்டியவன் நான். வித்தை என் கையில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது அண்டாவில் இருந்தது.

ஆஸ்பத்திரிக் காலி பாட்டில்களில் கசடை ஊற்றி வரிசையாக வைத்து, சுண்ணாம்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். முதலில் சுண்ணாம்புப் பால், பிறகு படிகாரக் கரைசல். ஊற்றும்போது வேகமாக ஒரு கலக்கு, அப்புறம் மெதுவாக. வேகமாகவே கலக்கினால் திரண்டது உடைந்து பழையபடி கூழாகும். மெதுவாகக் கலக்குவதில் தொட்டிக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. மூங்கிலை இரண்டு விரலில் பிடித்து, தூளி ஆட்டுகிற வேகத்தில் சுற்றுவார்.

இப்படிச் செய்ததைப் பாத்தியில் விட்ட அன்று சாயங்காலமே மணல் தண்ணீரைக் குடித்துவிட்டது. நாலாம் நாள் விளிம்பு சுருங்கியது. எட்டாம் நாள் மண்வெட்டியால் ஓடு ஓடாகப் பெயர்த்தோம். கையில் எடுத்தால் ஒட்டவில்லை. தொட்டிக்காரர் ஓர் ஓட்டுத் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, முதல் மழையில் நனைந்த செம்மண் வாசனை என்றார். அது மிகை. ஆனால் அன்று அவரிடம் அதை மறுக்க எனக்கு மனமில்லை.

துரை வந்தார். கைத்தடியால் குத்தினார். ஓடு இரண்டாக உடைந்தது. புத்தகம் சொன்னது சொன்னபடி நடந்தது என்று அவருக்குச் சந்தோஷம். சுண்ணாம்பைப் பற்றி நான் சொன்னபோது சிரித்தார். சுண்ணாம்பு நீங்கள் வெற்றிலைக்குத் தடவுவது, வேலை செய்தது படிகாரம் என்றார். பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கும் அப்படியே கடிதம் போனது. அடுத்த வாரம் ஏதோ வேலையாக ஆபீசுக்குப் போனபோது அந்தப் புத்தகம் மேஜையில் கிடந்தது. சீமைப் புத்தகங்களில் தாள்களின் ஓரம் ஒட்டியே வரும், வாசிக்கிறவர்தான் கத்தியால் கீறிக்கொள்ள வேண்டும். படிகாரப் பக்கம்வரை கீறியிருந்தது. அடுத்த இரண்டு தாள் கீறாமல் இருந்தது. விரலால் அகட்டி உள்ளே பார்த்தேன். ஸ்டோரில் நாங்கள் கேட்டு வாங்கிய சுண்ணாம்பு மூட்டைகளின் மேல் அச்சடித்திருந்த அதே நாலு இங்கிலீஷ் எழுத்து உள்ளே பத்து இடத்தில் இருந்தது. புத்தகத்தை இருந்தபடியே வைத்துவிட்டு வந்தேன்.

வைகாசி முதல் வாரம் தொட்டிக்காரரும் நானும் ரைட்டரிடம் போனோம். அறை கேட்க. அவர் வராந்தாவில் நின்றார், நாங்கள் முற்றத்தில். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாங்கள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நன்னா யோசிச்சுப் பாரும். அந்த விஷயம் வழியறதுனாலதானே இவா ரூம் கேட்டா? இப்போ அது வழியாது. துரையே சொல்லிட்டார். அப்புறம் ரூம் என்னத்துக்கு?"

அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. லயத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், வீணாக ஒரு வழக்கு வரும் என்பதையும் அவர் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். திரும்பி வரும்போது தொட்டிக்காரர் எனக்கு முன்னால் நடந்தார். பிறகு, "அப்ப கெட்டாலும் இங்கன, நல்லாருந்தாலும் இங்கன," என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாள். பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் காலை நான் தொட்டிக்கு வந்தபோது, ஸ்டோரில் எங்களுக்குக் கொடுத்திருந்த சுண்ணாம்பு மூட்டைகளில் கடைசி இரண்டும் பிரித்துக் கிடந்தன. ஒரு பீப்பாயில் கரைத்து வைத்து, நுனியை நசுக்கிய தென்னம்மட்டையால் அவள் குடிசைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சுவர் முடிந்திருந்தது. உள்ளே அடித்துக்கொண்டிருந்தாள். பண்டிகை ஒன்றும் இல்லை.

"ஏனுங்கம்மா, தொட்டிக்கு வேண்டாமுங்களா?"

"தொட்டிக்குத்தான் படிகாரம் இருக்கே. துரை சொல்லிட்டாருல்ல." மட்டையை முக்கி எடுத்தாள். "போன வருசம் முட்டு மட்டும் வந்துச்சு மேஸ்திரி. ரைட்டரய்யா வந்து பாத்துட்டு, மண்ணுச் செவுரு மண்ணு நெறத்துலதானே இருக்கும்னாரு. இந்த வருசம் வந்து பாக்கட்டும்."

பிறகு வாளியை எடுத்துக்கொண்டுபோய், துரையின் புத்தகத்தில் கீறியிருந்த பக்கம் சொன்ன அளவுப்படி, ஒரு துளி கூடாமல் குறையாமல் படிகாரம் கலக்கினேன். தொட்டிக்காரர் மூங்கிலைச் சுற்றினார். கசடு திரளவில்லை. அப்படியே பாத்திகளில் விட்டோம். பாத்திகள் மறுபடி கூழாயின.

மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் முதல் தொட்டியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இருந்தது. பிள்ளை, ஓர் ஆடு, பாத்திரங்கள், பாய் எல்லாம் என் அறைக்கு வந்தன. பக்கத்து அறைகளில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் சண்டை போட வெளியே வரவேண்டும், வந்தால் நனையவேண்டும். மலையில் மழை பல நியாயங்களைத் தள்ளிப்போடும். மத்தியானம் தொட்டி வழிந்தது. காலி வீட்டுக்குள் அது நிதானமாக, தெரிந்த வழியில் போகிறவன் மாதிரி நுழைந்தது. நாங்கள் மேலே கம்பளிக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தோம். அந்த அம்மாள் மட்டும், கதவுப் பலகையை எடுத்து வைத்திருக்கலாம் என்றாள்.

மழை விட்ட அன்று துரையே வந்தார், முழங்கால் பூட்சோடு. ரோஜாவுக்குப் போகவேண்டிய கசடு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தார். பின்னால் குடையோடு ரைட்டர். பாத்தியைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுத் திரும்பிய துரையின் கண்ணில் குடிசை பட்டது. படாமல் எப்படி இருக்கும்? நாணற்சதுப்புக்கு நடுவே அவ்வளவு வெள்ளை. அந்த வெள்ளையில், நாலு பக்கமும், நூல் பிடித்தது போல ஒரு கறுப்புக் கோடு. அவர் இறங்கிப் போய், வாசலில் நின்று, கைத்தடியைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஊன்றிப் பார்த்தார். கோடு கைத்தடியின் பாதிக்குமேல் இருந்தது. உள்ளே தலையை நீட்டினார். உள்ளேயும் கோடு. கூரை வாரியில் தூளிக்கயிறு.

இதில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார். ரைட்டர் இருக்கிறார்கள் என்றார். பிள்ளையோடா என்றார் துரை. ஆமாம் என்றார் ரைட்டர். அதற்குமேல் துரை அவரிடம் இங்கிலீஷில் பேசினார். நாலாம் வகுப்புப் பாதிக்கு அது எட்டவில்லை. குடை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது.

அன்று சாயங்காலம் அறை கிடைத்தது. லயத்தின் கடைசி அறை. அதற்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் ஓர் அறையைக் காலிசெய்து விறகு அடுக்கினார்கள், சுவர் சுவரோடு தொடாமல் இருக்க. தொட்டிக்காரர் அந்த விறகைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி பாயை விரித்து, பிள்ளையைத் தரையில் விட்டாள். அதற்குமுன் அவள் பிள்ளையைத் தரையில் விட்டு நான் பார்த்ததில்லை. அது தவழ்ந்து சுவர்வரை போய்த் திரும்பியது.

தொட்டி கெட்டதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. படிகாரம் கெட முடியாது, புத்தகம் கெட முடியாது. ஆகவே என்னை அனுப்பினார்கள். ரைட்டர் சீட்டை நீட்டும்போது, சுண்ணாம்பு எங்கே போயிற்று என்று தனக்குத் தெரியும் என்றார் தாழ்ந்த குரலில். சுவரில் இருக்கிறது, எல்லோரும் பார்த்தார்கள் என்றேன்.

வட்டவடைப் பக்கம் பூண்டு பறிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டேன். தொட்டி வழியாகத்தான் பாதை. புதிதாக வந்த மேஸ்திரிக்கு ரைட்டர் சுண்ணாம்பு, படிகாரம் இரண்டும் கொடுத்திருந்தார். யாரோ புத்தகத்தின் அடுத்த தாளைக் கீறியிருக்க வேண்டும். காலியான குடிசையை அவற்றுக்கு ஸ்டோர் ஆக்கியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டுக்கு மேலே, ஈரம் ஏறிவிடக்கூடாதே என்று, நாலு காலில் பலகைப் பரண் அடித்து, மூட்டைகளை அதன்மேல் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.